வாசிக்கத் தடுமாறும் தரம் 7, 8 பிள்ளைகளுக்கு எது உதவும்: ரியூசனா, ரப்பா, நூலகமா, வாசிப்பு வட்டமா?

வன்னியில் பல ஊர்களின் கூட்டங்களில் இப்போது ஒரே கேள்விதான் எழுகிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்க்காரர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு தொகை அனுப்புகிறார்கள். சனசமூக நிலையத்தின் மண்டபம் பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஊரில் நிற்கிறார்கள். தரம் 7, 8, 9 படித்துக்கொண்டே, ஒரு பந்தியை வாசித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். காசை எதில் போடுவது?

நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். நல்ல ரியூசன் சேர் ஒருவரைப் பிடிப்போம் என்பார் ஒருவர். ஆளுக்கொரு ரப் (டேப்லெட்) வாங்கித் தருகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து போனில் ஒருவர் சொல்வார். ஓய்வுபெற்ற அதிபர் நூலகத்தைத்தான் திருத்த வேண்டும் என்று நிற்பார். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பெரிய பரிசுகளோடு போட்டி வைப்போம் என்பார்கள் கழகத்துப் பெடியள். எல்லோரும் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் காசு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று நாலு வருடம்தான் மிச்சம்.

பின்னேர வகுப்புகளோடு நிற்கிறவன் என்ற முறையில் என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஆறு ஏழு பிள்ளைகள் ஒரு பெரியவரோடு வட்டமாக இருந்து வாசிக்கும் சிறு குழுவுக்குத்தான் முதல் காசு போக வேண்டும். எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதற்கு முன் தனியாக ஒரு இருபது நிமிடம் வேண்டும். புத்தகம் இரண்டாவது. ரப்பும் பரிசும் கடைசி.

இந்தப் பிள்ளைகள் யார்

2025இல் தரம் 8இல் இருந்த பிள்ளை 2020இல் தரம் 3இல் இருந்தது. அந்த வருடம் மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 முழுக்கத் திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று. 2022இல் பெற்றோலும் டீசலும் இல்லாமல் மறுபடியும் தடங்கல். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை சரளமாக வாசிக்கத் தொடங்குகிற வயது அதுதான். பட்டணங்களில் சூம் வகுப்பு நடந்தது. இங்கே பல வீடுகளில் ஸ்மார்ட் போனே இல்லை. இருந்த வீடுகளிலும் சிக்னல் தேடிக் குளக்கட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அப்புறம் வகுப்பேற்றம் தன்பாட்டில் நடந்தது. தரம் 5 வரை ஒரே வகுப்பாசிரியர் பிள்ளையை முழுதாகப் பார்க்கிறார். தரம் 6இலிருந்து பாடத்துக்கு ஒருவர். இவனுக்கு வரலாறு ஓடாது என்று வரலாற்று ரீச்சர் நினைக்கிறார். விஞ்ஞானம் ஓடாது என்று விஞ்ஞான சேர் நினைக்கிறார். ஓடாதது வாசிப்பு என்பது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

பதின்மூன்று வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, வெட்கம். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தொண்டை நோ என்கிறான். தண்ணீர் குடிக்கப் போகக் கேட்கிறான். பக்கத்தில் இருக்கிறவனைச் சீண்டி வகுப்புக்கு வெளியே அனுப்பப்படுகிறான். வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிடக் குழப்படிக்காரன் என்ற பெயர் அவனுக்குப் பரவாயில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் வேறு மாதிரி. கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருந்து, கரும்பலகையில் உள்ளதை மணிமணியாகக் கொப்பியில் எழுதிவிடுவார்கள். எழுத்து அழகாக இருப்பதால் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும்தான் நாங்கள் ‘ஆர்வமில்லை’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறோம்.

வாசிக்க முடிந்த பிள்ளை மேலும் வாசிக்கும், அதன் சொற்கள் பெருகும், வாசிப்பு இன்னும் இலகுவாகும். சிரமப்படுகிற பிள்ளை தவிர்த்துக்கொண்டே போகும். இடைவெளி வருடத்துக்கு வருடம் அகலும் என்று வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் எழுதினார். வகுப்பறையில் நிற்கிற எவருக்கும் இது கண்கூடு. ஆகவே ஆர்வம் வரட்டும், பிறகு வாசிப்பைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. நேற்று முடியாதது இன்று முடிந்தது என்று பிள்ளை தானே காணும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. உளவியலாளர்களான எட்வேட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் ஊக்கத்துக்கு அடிப்படையாக மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: என்னால் முடியும் என்ற நம்பிக்கை, நானாகத் தெரிந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னைச் சேர்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நிம்மதி. மேலே சொன்ன யோசனைகளை நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

காசைத் தொட முன் ஒரு சின்னச் சோதனை

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986இல் வாசிப்பைப் பற்றி ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், அதே மொழியைக் காதால் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்து விளங்கும் திறன். பெருக்கல் என்பதால் ஏதாவது ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இதை வைத்து ஊரில் எவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது.

தரம் 5 அளவிலான இரண்டு சிறு பந்திகளை எடுங்கள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் இருத்துங்கள். முதல் பந்தியைப் பிள்ளை வாசிக்கட்டும், நாலு கேள்வி கேளுங்கள். இரண்டாவதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அதிலும் நாலு கேள்வி. தான் வாசித்ததில் விடை இல்லை, நீங்கள் வாசித்ததில் விடை வருகிறது என்றால் சிக்கல் எழுத்தில். தங்குதடையில்லாமல் வாசித்தும் விடை இல்லை என்றால் சிக்கல் விளங்கிக்கொள்வதில். காதால் கேட்டும் விளங்கவில்லை என்றால் சொல்லும் பொது அறிவும் போதவில்லை, அல்லது காது சரியாகக் கேட்கவில்லை. கண், காது இரண்டையும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்த்தார்களா என்று தாயிடம் விசாரியுங்கள். கண்ணாடி போட்டதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது வகை எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். மாரியில் எங்கள் பக்கம் அடிக்கடி வருகிற அறிவித்தல் போல ஒன்று: ‘தொடர்ச்சியாகப் பெய்துவரும் மழை காரணமாக இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளதால், கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தாழ்நிலங்களில் வசிக்கும் மக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.’ தரம் 8 பெடியன் ஒருவன் இதைப் பிழையில்லாமல் வாசிக்கிறான். ஆர் கவனமா இருக்கவேணும் என்று கேட்டால் “மக்கள்” என்கிறான். எந்த மக்கள்? பேச்சில்லை. ஏன் கவனமா இருக்கவேணும்? “மழை.” வான்கதவு அவன் விடையில் வரவே இல்லை. இத்தனைக்கும் 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் கதை கதையாகக் கேட்டு வளர்ந்தவன். வான்கதவு திறந்தால் தண்ணீர் எந்த வயலுக்குள் முதலில் ஏறும் என்று எனக்கே வழி சொல்லக்கூடியவன்.

தமிழ் வசனத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எங்கே, ஏன் என்பவை ஒன்றன்மேல் ஒன்றாக அதற்கு முன்னே அடுக்கப்படுகின்றன. மெதுவாக வாசிக்கிற பிள்ளை கடைசிச் சொல்லுக்கு வந்து சேரும்போது முதல் பாதி நினைவில் நிற்பதில்லை. சரளமாக வாசித்தாலும், வசனத்தை எங்கே பிரிப்பது என்று தெரியாவிட்டால் இதே கதிதான். தரம் 6இலிருந்து வரலாறு, புவியியல், விஞ்ஞானம் எல்லாம் இப்படிப்பட்ட வசனங்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே கடைசி வினையைப் பிடி, அங்கிருந்து ‘ஆர்? எந்த? ஏன்?’ என்று பின்னோக்கிக் கேள் என்று பழக்குவது இந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி. ரியூசன் நோட்ஸில் இது கிடைப்பதில்லை.

ரியூசன், ரப், பரிசு

ரியூசனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. காலையில் விளங்காத பாடத்தையே பின்னேரம் இன்னும் வேகமாகச் சொல்லித் தருகிறார்கள், ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பரீட்சைப் பயிற்சி. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இன்னொரு கடைசி வாங்கு.

ரப்பில் நல்ல விசயமும் உண்டு. எழுத்தையும் குரலையும் ஒன்றாகத் தருகிற கதைகள், தடுமாறும் பிள்ளைக்கு உண்மையிலேயே உதவும். பிள்ளை தனியாக, வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கரண்ட், டேட்டா, உடைந்தால் திருத்துவது எல்லாவற்றுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். இரண்டு கிழமையில் அது யூரியூப்பும் கேமுமாக மாறிவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அதற்காகக் குறை சொல்ல முடியாது. இருபது ரப்பின் காசில், உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் படி (கொடுப்பனவு) கொடுத்து வகுப்பு நடத்தலாம் என்றால், நான் அந்தப் பிள்ளைகளைத்தான் தெரிவேன். தொழில்நுட்பம் வேண்டுமென்றால் ஒரேயொரு போன் போதும். பிள்ளை ஒரு பந்தியை வாசித்துத் தன் குரலைப் பதியட்டும், கேட்கட்டும், நாலு தரம் பழகிவிட்டு மறுபடி பதியட்டும். ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் விளக்கினார். முதல் பதிவையும் நாலாவது பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளைக்கு வேறு யாரும் உற்சாகமூட்ட வேண்டியதில்லை.

பரிசுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. வாசிப்பு மாதப் போட்டியில் மேடையேறுகிறவர்கள் ஏற்கனவே வாசிக்கிற பிள்ளைகள். தடுமாறுகிறவன் பெயரே கொடுப்பதில்லை. எல்லோருக்கும் பரிசு என்று வைத்தாலும் வேறு சிக்கல் வருகிறது. மார்க் லெப்பரும் கூட இருந்தவர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறுபிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசு என்று முதலே சொல்லிவைத்தார்கள். பரிசு முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் வரைவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவழித்தார்கள். வாசிப்பை விரும்பாத பதின்ம வயதினருக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும், பத்துப் புத்தகத்துக்கு ஒரு சைக்கிள் லைற் என்று வைத்தால் மிக மெல்லிய பத்துப் புத்தகங்கள்தான் இரவல் போகும். குறிப்பாகச் சொல்லும் பாராட்டு வேறு விசயம். ‘கெட்டிக்காரன்’ என்பதைவிட, ‘இரண்டாவது பந்தியிலை விளங்கேல்லை எண்டதும் திரும்பிப் போய் வாசிச்சீர், அது நல்ல வேலை’ என்று சொல்வது பிள்ளைக்குக் கையில் பிடிக்க ஒன்றைத் தருகிறது.

நூலகம்

இதை நான் குறைத்து மதிக்கவில்லை. புத்தகம் இல்லாமல் வாசிப்பு இல்லை. பிஜித் தீவின் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் வோரிக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் செய்த ஆய்வு 1983இல் வெளியானது. வகுப்பறைகளுக்குள் கதைப்புத்தகங்களைத் தாராளமாகக் கொட்டியபோது பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு நன்றாக உயர்ந்தது. ஆனால் அவை வகுப்பறைக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன, பிள்ளைகளின் அளவுக்குத் தெரிந்தெடுத்தவை, வாசிக்க அன்றாடம் நேரமும் ஒதுக்கப்பட்டது.

எங்கள் சனசமூக நிலையங்களின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். கொழும்பிலிருந்து வந்த பழைய ஆங்கிலப் புத்தகங்கள், பரீட்சை வழிகாட்டிகள், தடித்த நாவல்கள். சாவி செயலாளரிடம், செயலாளர் வயலில். தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது பதினாறு, இருபத்துநாலு பக்கப் புத்தகம். எழுத்துப் பெரிதாக, வசனம் குறுகியதாக இருக்க வேண்டும், விசயம் மட்டும் பதின்மூன்று வயதுக்குரியதாக இருக்க வேண்டும். யானை, கடல், கரப்பந்து, இயந்திரம், பேய்க்கதை. தமிழில் இப்படிப்பட்டவை குறைவு. எளிய வசனத்தில் வருபவை பெரும்பாலும் அணிலும் முயலும்தான். பெரிய பிள்ளை அதைத் தொடாது.

அதனால் புத்தகக் காசில் ஒரு பகுதியைப் போட்டோக் கொப்பிக்கு ஒதுக்குங்கள். வீரகேசரி, உதயன் போன்ற பத்திரிகைகளின் விளையாட்டுச் செய்திகள், விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்கள், ஊர்ப் பெரியவர் சொன்னதைக் கேட்டு எழுதிய ஒரு பக்கக் கதை. டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதற்குத் துணை. பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பந்தியை தரம் 7, 8 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்போல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் அந்த ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் விளங்கிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளிடமும் அறிவு இருக்கிறது. நந்திக்கடலில் இறால் எப்போது கூடும் என்று தெரிந்த பிள்ளைக்கு அதைப் பற்றிய பக்கத்தைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்ததை வைத்து எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எழுத்தில் சிக்கியவர்களுக்குப் பரிகார வகுப்பு

சோதனையில் முதல் வகைக்குள் வந்த பிள்ளைகளை வாசிப்பு வட்டத்தில் நேரே இருத்தினால் அவமானம்தான் மிஞ்சும். அவர்களுக்கு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கும் மட்டத்தைப் பார்த்துக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை இந்தியாவின் பிரதம் அமைப்பு பெரிய அளவில் செய்துகாட்டியது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அதன் பலனை ஆராய்ந்தவர்களில் அடங்குவர்.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், சேரும் முறை ஒன்றுதான். ஆனாலும் இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றிலும் இது ஒரு வருடத்தில் முடிகிற வேலை அல்ல. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்தறிவு தரம் 4 வரைகூட வளர்ந்துகொண்டே போவதை 2007இல் காட்டினார். சரியாக அந்த வருடங்களில்தான் எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெரும்பாலும் தடுக்குவது சில இடங்களில்தான். கெ, கொ, கோ போன்றவற்றில் குறி எழுத்துக்கு முன்னே நிற்பது, ண, ன, ந குழப்பம், ல, ள, ழ குழப்பம், நீளமான புணர்ந்த சொற்கள். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது நிமிடம் அதை மட்டும் செய்தால் ஒரு தவணைக்குள் மாற்றம் தெரியும்.

கஷ்டம் வெட்கத்தில்தான். அதற்கு நான் கண்ட நல்ல வழி, முன்பள்ளி. சனிக்கிழமை காலை முன்பள்ளிச் சின்னஞ்சிறுசுகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை இந்தப் பெரிய பிள்ளைகளிடம் கொடுங்கள். அணில் கதையைக் கிழமை முழுவதும் பழகுவதற்கு அப்போது ஒரு மரியாதையான காரணம் கிடைக்கிறது. சின்னப்பிள்ளைகள் “அண்ணா, இன்னொருக்கா” என்று கேட்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெடியன் சிங்கத்துக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டு நிற்பான். டெசியும் ரையனும் சொன்ன மூன்றும் இந்த ஒரு ஏற்பாட்டில் கிடைக்கின்றன, செலவும் மிகக் குறைவு.

வாசிப்பு வட்டம்

அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட முறை இது. எழுத்தை வாசிக்கத் தெரிந்தும் விளங்காமல் நின்ற தரம் 7 மாணவர்களோடுதான் செய்தார்கள். முக்கியப் பயிற்சி 20 பாட நாட்கள். நாலு வேலைகள்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. முதலில் பெரியவர் செய்துகாட்டுகிறார். பிறகு பந்திக்குப் பந்தி ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியர் இடத்தில் இருந்து நடத்துகிறது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கச்சானை வைத்துச் சொல்கிறேன். கச்சான் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி நடுவில் வைக்கிறார் வட்டத்தை நடத்தும் அக்கா. பூ மேலே பூக்குது, காய் மண்ணுக்குள்ளை கிடக்குது, எப்படி? எல்லோரும் கச்சான் பிடுங்கின பிள்ளைகள்தான், ஒருவரும் இதை யோசித்ததில்லை. “மண்ணுக்குள்ளையும் ஒரு பூ இருக்கும்போலை” என்று ஒருவன் ஊகிக்கிறான். அதை மறுக்காமல் பந்தியைக் கொடுக்கிறார். பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஊசி போன்ற தண்டு ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது, அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறது. பந்தியில் வருகிற ‘சூலகம்’ எண்டா என்ன அக்கா என்று ஒரு பிள்ளை. தெளிவாக்கும் வேலை அன்று யாருடையதோ அவள் முந்திய வசனத்தைக் காட்டுகிறாள். கேள்வி கேட்பவன் முதல் நாட்களில் ‘எத்தனை’, ‘எப்ப’ என்றுதான் கேட்பான். பழகப் பழக, “அப்ப ஏன் நாங்கள் செடிக்கு மண் அணைக்கிறம்?” என்று கேட்பான். விடை பந்தியில் நேரடியாக இல்லை, ஆனால் பந்தியிலிருந்து எடுக்கலாம். சுருக்குகிறவள் சொல்வாள்: “பூ மேலை, காய் கீழை, நடுவிலை ஒரு ஊசி. அந்த ஊசி மண்ணுக்குள்ளை போகத்தான் அணைக்கிறது.”

முதலில் செடி, பிறகு கேள்வி, பிறகு வாசிப்பு என்ற இந்த ஒழுங்கு ஜோன் கத்ரியும் அலன் விக்ஃபீல்டும் அமெரிக்காவில் விஞ்ஞானத்தோடு சேர்த்து வளர்த்த வாசிப்பு முறைக்கு நெருக்கமானது. கண்ணால் கண்டது ஒரு கேள்வியைத் தருகிறது, அந்தக் கேள்விக்காகப் பிள்ளை வாசிக்கிறது. இன்னொன்று கவனியுங்கள். அந்தப் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே சுருக்கிச் சொன்னது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். விளங்கியதா என்பதுதான் முதல் கேள்வி. எழுதும்போது பாடநூல் நடைக்கு மாற்றிக்கொள்ளலாம். வாயைத் திறந்ததும் நடையைத் திருத்தினால் அடுத்த நாள் அது பேசாது.

மூன்று பக்கங்களை மேசையில் வைத்து எதை வாசிப்பது என்று பிள்ளைகளையே தெரிய விடுங்கள். கிழமையில் ஒரு நாளாவது வரலாற்று அல்லது விஞ்ஞானப் பாடநூலை அதே முறையில் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழகியது மண்டபத்தோடு நின்றுவிடும். பெண்பிள்ளைகள் முன் வாசிக்கக் கூச்சப்படும் பெடியளுக்கு முதல் மாதம் தனி வட்டம் வைத்தால் குற்றமில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பராக் ரோசன்ஷைனும் கார்லா மைஸ்டரும் 1994இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த சோதனைகளில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. பொதுவான தரப்படுத்திய சோதனைகளில் அது சிறிதாகவே இருந்தது. ஆகவே ஒரு தவணையில் பரீட்சைப் புள்ளி பாய்ந்து ஏறும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதோடு, நடத்துகிறவர் விளக்கம் சொல்வதை நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிள்ளைகளைவிட அக்காதான் அதிகம் கதைக்கிறார் என்றால் அது மறுபடியும் ரியூசன்தான்.

எப்போது வேறு முடிவு எடுக்கலாம்

சோதனையில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுத்திலேயே நின்றால் முதல் தவணை முழுவதையும் பரிகார வகுப்புக்கும் முன்பள்ளி வாசிப்புக்கும் கொடுங்கள், வட்டத்தை அடுத்த தவணைக்குத் தள்ளுங்கள். பாடசாலையில் ஏற்கனவே நல்ல பரிகார வகுப்பு நடந்தால் அதிபரோடு கதைத்து, நீங்கள் வட்டத்தை மட்டும் எடுங்கள். பொறுப்பாக நிற்க ஆளே இல்லாத ஊர் என்றால் மட்டும் நூலகம் முதலாவதாகட்டும். அப்போதும் அலுமாரிக்குப் பூட்டு வேண்டாம், கிழமைக்கு இரண்டு நாள் யாராவது ஒரு பெரியவர் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

எந்த முடிவானாலும் காசில் பாதிக்கு மேல் நடத்துகிற பிள்ளைகளின் படிக்குப் போக வேண்டும். மண்டபத்துக்குப் பெயின்ற் அடிப்பதும் பெயர்ப்பலகையும் பிறகு பார்க்கலாம். படி ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் அக்கா மூன்றாம் மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார், வட்டமும் அவரோடு போய்விடும். தாய் வெளிநாட்டில், பேத்தியாரோடு இருக்கும் பிள்ளைகள் இங்கே குறைவில்லை. பழகிய இன்னொரு ஆள் சொல்லாமல் நின்றுபோவது அவர்களை வாசிப்பைத் தாண்டியும் பாதிக்கும். பெரும்போக அறுவடைக் காலத்தில் வரவு குறையும். அந்தக் கிழமைகளில் புதுப் பாடம் தொடங்காமல் பழையதைத் திருப்பிச் செய்யுங்கள், வராத பிள்ளையை ஏசாதீர்கள்.

தவணை முடிவில் அதே சோதனையை வேறு பந்திகளோடு செய்யுங்கள். ஒழுங்காக வந்தும் எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அவர்களின் பெற்றோருக்கு விளங்கப்படுத்தி, வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கூட்டிப் போங்கள். காசு அனுப்பியவர்கள் படம் கேட்பார்கள். தாய் தகப்பன் சம்மதித்தால் படத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் இரண்டு குரல்பதிவுகளை அனுப்புங்கள், முதல் கிழமை வாசித்தது ஒன்று, தவணை முடிவில் வாசித்தது ஒன்று. அடுத்த வருடத்துக் காசை எதில் போடுவது என்று அவர்களும் அதைக் கேட்டே முடிவு செய்யலாம்.